சொற்களின் உணர்வைக் கணிக்கும் ஆய்வு: மகள் என்ன படிக்கலாம்?

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் ஒன்னில் கணினி அறிவியல் பிரிவு படிக்கும் உங்கள் மகள், குழந்தைகள் ஒரு சொல்லை எந்த உணர்வோடு எதிர்கொள்கிறார்கள் என்பதைக் கணினி கொண்டு மதிப்பிடும் ஆய்வுக்குப் போக விரும்புவதாகவும், அது கம்ப்யூட்டர் படிப்பா உளவியல் படிப்பா என்பதே பிடிபடவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டும்தான், ஒன்றை விட்டாலும் இந்த வேலை நடக்காது.

ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு இனிமையாக அல்லது கசப்பாக உணரப்படுகிறது என்று பெரியவர்கள் மதிப்பெண் போட்ட சொற்பட்டியல்கள் பெரியவை. ஆங்கிலத்தில் 2013-இல் வெளியான ஒன்றில் மட்டும் 13,915 சொற்கள் உள்ளன. குழந்தைகளிடம் அப்படித் திரட்ட முடியாது. ஏழு வயதுப் பிள்ளையிடம் மதிப்பெண் போடச் சொன்னால் விழிக்கும். எனவே சிரிப்பு முதல் அழுகை வரையிலான முகங்களைப் படமாக வரிசைப்படுத்தி, 'ஊசி' என்றால் எந்த முகம் என்று தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும், அதுவும் களைப்பதற்குள். பிரெஞ்சில் 720 சொற்கள் (2017), ஸ்பானியத்தில் 1,406 சொற்கள் (2020) என்ற அளவில் சிறுவர் பட்டியல்கள் நிற்பதற்கு இந்தச் சிரமமே பெரிய காரணம்.

மீதிச் சொற்களுக்குத்தான் கணினி. ஒரு சொல் எந்தெந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்பதை எண்வரிசையாக்கி, குழந்தைகள் மதிப்பிட்ட சொற்களைக் கொண்டு, உணர்வைக் கணிக்கும் கணினி மாதிரியைப் பழக்கி, பழக்கும்போது காட்டாத சொற்களில் அதைச் சோதிக்கிறார்கள். ஆனால் அந்த எண்கள் செய்தித்தாளிலிருந்தும் விக்கிப்பீடியாவிலிருந்தும் வந்தவையாயின் 'பரீட்சை', 'இருட்டு' போன்றவற்றில் பெரியவர்களின் நோக்கே பதிந்திருக்கும். தமிழில் இன்னொரு சிக்கல்: 'பள்ளிக்கு', 'பள்ளியிலிருந்து', 'பள்ளியே' ஆகியவற்றைத் தனித்தனிச் சொற்களாக எண்ணினால் கணக்குச் சிதறிவிடும். தமிழிலக்கணம் தெரிந்தவருக்கு இங்கே வேலை இருக்கிறது என்பது என் கருத்து.

படிப்பைப் பொறுத்தவரை, கணினி அறிவியலில் பி.டெக். பட்டத்தையும் கணினி மொழியியலில் (மொழியைக் கணினி கொண்டு ஆராயும் துறை) ஆய்வுவழி எம்.எஸ். பட்டத்தையும் ஐந்தாண்டில் சேர்த்துத் தரும் ஐதராபாத் ஐஐஐடி (சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகம்) படிப்பு இதற்கு மிக நெருக்கமானது. கிடைக்காவிட்டால் இங்கேயே கணினி அறிவியலோ புள்ளியியலோ முடித்துவிட்டு, காந்திநகர் ஐஐடி போன்ற இடங்களில் அறிதல் அறிவியல் (மனம் எப்படி அறிகிறது, சிந்திக்கிறது என்று ஆராயும் துறை) முதுகலைக்கு முயலலாம். உளவியல் இளங்கலையும் தவறன்று. ஆனால் புள்ளியியலையும் பைத்தான் என்ற நிரல்மொழியையும் தனியே கற்றாக வேண்டும்.

வேலையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தப் பெயரிலேயே விளம்பரமாகும் பணி எதையும் நான் கண்டதில்லை. ஆய்வாளராக நிலைக்கப் பெரும்பாலும் முனைவர் பட்டம் வேண்டும், எனவே சம்பாத்தியம் தாமதமாகும். இடையில் விலகினாலும் மொழித் தொழில்நுட்ப நிறுவனங்களும் சிறுவருக்கான வாசிப்புச் செயலி செய்பவர்களும் இதே திறனைத்தான் தேடுகிறார்கள். இப்போதைக்குக் கணிதத்தில் நிகழ்தகவைக் கவனமாகப் படிக்கட்டும். கோடை விடுமுறையில், பெற்றோரின் சம்மதம் பெற்று, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலரிடம் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் முப்பது சொற்களை முகப்படம் காட்டிக் கேட்டுப் பார்க்கட்டும். அந்த வேலை அவளுக்குப் பிடிக்கிறதா என்பது கல்லூரி விண்ணப்பத்திற்கு முன்பே தெரிந்துவிடும்.