150 சிசியிலிருந்து எதற்கு மாறுவது? நெடும்பயண பைக் பற்றி ஒரு வாசகருக்குப் பதில்

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 34, உயரம் 165 செ.மீ., எடை 62 கிலோ. சில வருஷமாக பல்சர் 150 ஓட்டுகிறார். மனைவியை ஏற்றிக்கொண்டு மூணாறு, வயநாடு என்று போய்வருவது வழக்கம். மலை ஏறும்போது வண்டி திணறுகிறது, மூன்று மணி நேரம் தாண்டினால் கை மரத்துப்போகிறது. அடுத்து கோவா, பிறகு ஒருநாள் லடாக் என்று ஆசை. "350 வாங்கலாமா, இல்லை ஒரேயடியாக 650-க்குப் போய்விடலாமா? 350 ஒரே வருஷத்தில் சலித்துவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்" என்று கேட்கிறார்.

உங்கள் உயரம், எடை, மனைவியோடு போகும் பயணம் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் என் பதில் 350 வகைதான். ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் நண்பர்கள் சொல்வது வேகத்தை மனதில் வைத்து. நெடும்பயணத்துக்கு வேகத்தை விட வேறொன்று முக்கியம். நீங்கள் ஓட்டப்போகும் வேகத்தில் இன்ஜினிடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதே அது.

முதலில் வேகக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நான்கு வழிச்சாலையில் இருசக்கர வாகனத்துக்கு மத்திய அரசு 2018-இல் வைத்த உச்சவரம்பு மணிக்கு 80 கி.மீ. சட்டத்தை விட்டாலும் காற்று விடாது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகத் தேவைப்படும் சக்தி, வேகத்தை அதனாலேயே இரண்டு முறை பெருக்கிய கணக்கில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் காற்றுக்காக மட்டும் இன்ஜின் ஏறத்தாழ இரண்டு மடங்கு உழைக்க வேண்டும். ஹெல்மெட்டுக்குள் இரைச்சல் கூடும், கழுத்து வலிக்கும், மைலேஜ் சரியும். மதுரையிலிருந்து சென்னைக்குச் சுமார் 460 கி.மீ. அதை 80-இல் போனவருக்கும் 100-இல் போனவருக்கும் கணக்குப்படி ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் வித்தியாசம் வரும். டீக்கடை, பெட்ரோல் பங்க், ஊருக்குள் நெரிசல் எல்லாம் சேர்ந்தால் அதிலும் பாதிதான் மிஞ்சும். ஆனால் 100-இல் வந்தவர் இறங்கும்போது உடம்பு ஓய்ந்திருக்கும்.

ஆக, உங்களுக்கு வேண்டியது 80-இல் அலட்டிக்கொள்ளாமல் ஓடும் வண்டி. உங்கள் பல்சர் அந்த வேகத்தில் நிமிஷத்துக்கு ஆறாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும். கை மரத்துப்போவதில் அந்த அதிர்வுக்குப் பெரிய பங்கு உண்டு. ராயல் என்ஃபீல்டின் மீட்டியார் 350 போன்ற வண்டி அதே வேகத்தில் நாலாயிரம் வாக்கில் சுற்றும், அதிர்வை அடக்க உள்ளே பேலன்சர் ஷாஃப்ட்டும் இருக்கிறது.

மலை ஏற்றத்தில் திணறுவதற்கும் கணக்கு இருக்கிறது. பல்சர் சுமார் 150 கிலோ. நீங்கள் 62, உங்கள் மனைவி 55 என்று வைத்துக்கொள்வோம், சாமான் 20. மொத்தம் 287 கிலோ. அதை இழுக்க இன்ஜின் தருவது 13 நியூட்டன் மீட்டர் சொச்சம் டார்க் (சக்கரத்தைச் சுழற்றி இழுக்கும் திருகுவிசை), அதுவும் 6,500 சுற்றில். அதனால்தான் ஏற்றத்தில் கியரைக் குறைத்துக் குறைத்து அலறவிட வேண்டியிருக்கிறது. மீட்டியார் 191 கிலோ. அதே இரண்டு பேர், அதே சாமானோடு 328 கிலோ. மொத்த எடை ஏழில் ஒரு பங்குதான் கூடுகிறது. டார்க் 27 நியூட்டன் மீட்டர், இரண்டு மடங்கு. அதுவும் 4,000 சுற்றிலேயே கிடைத்துவிடும். மூணாறு ஏற்றத்தில் மூன்றாவது கியரிலேயே நிதானமாக ஏறலாம். உங்கள் குறை இதிலேயே தீர்ந்துவிடுகிறது. இன்டர்செப்டர் போன்ற 650-இன் 52 நியூட்டன் மீட்டர் நல்ல விஷயம்தான், ஆனால் இந்தப் பிரச்சினைக்கு அது தேவையில்லை.

இப்போது எடை. ஷோரூமில் யாரும் இதைப் பற்றிப் பேச மாட்டார்கள். இன்டர்செப்டர் 650, 218 கிலோ. ஓடும்போது அந்த எடை தெரியவே தெரியாது. நின்றபிறகுதான் தெரியும். ராத்திரி லாட்ஜுக்கு வந்து, சரிவான வாசலில் முன்சக்கரம் கீழே பார்க்க நிறுத்திவிட்டீர்கள் என்று வையுங்கள். காலையில் சாமானோடு அதைப் பின்னால் தள்ளி எடுப்பது 62 கிலோ ஆளுக்கு லேசான வேலை இல்லை. எந்தப் பெரிய வண்டியானாலும் முன்சக்கரம் மேட்டைப் பார்க்கிற மாதிரி, இல்லாவிட்டால் வெளியேறும் திசையைப் பார்த்து நிறுத்தப் பழகிக்கொள்ளுங்கள், கியரில் போட்டு வையுங்கள். மழை பெய்த மண்ணில் சைடு ஸ்டாண்ட் மெல்ல மெல்லப் புதையும், நீங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் வண்டி சாய்ந்திருக்கும். ஒரு தட்டைக்கல்லோ நசுக்கிய டின் மூடியோ ஸ்டாண்டுக்கு அடியில் போதும். டேங்க் பையில் எப்போதும் ஒன்று இருக்கட்டும்.

விழுந்த வண்டியைத் தூக்கும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். முதலில் இன்ஜினை அணையுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை வெளியே தள்ளிவிடுங்கள், கியரில் போடுங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்துங்கள். இடுப்பு சீட் விளிம்பில் படட்டும். ஒரு கை ஹேண்டில்பாரில், இன்னொரு கை பின்னால் உள்ள கம்பியில். முதுகை வளைக்காமல் கால் பலத்தில் சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடந்தால் வண்டி நிமிர்ந்து வரும். இதை ஒரு நண்பரை வைத்துக்கொண்டு புல்தரையில் ஒருமுறை செய்து பாருங்கள். தனியாக உங்களால் தூக்க முடிகிற வண்டிதான் உங்களுக்கான வண்டி என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

சீட் உயரத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மீட்டியாருக்கு 765 மி.மீ., கிளாசிக் 350-க்கு 805, ஹிமாலயன் 450-க்கு 825, சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸுக்கு 835. உங்கள் உயரத்துக்குக் கடைசி இரண்டிலும் நுனிக்கால்தான் ஊன்றும். தனியாக ஓட்டினால் சமாளிக்கலாம். வி-ஸ்ட்ராம் 167 கிலோதான் என்பதால் இன்னும் எளிது. ஆனால் பின்னால் ஆள் உட்கார்ந்து, சிக்னலில் சாலை ஒருபக்கம் சரிந்திருந்தால், ஊன்றும் கால் தரையைத் தேடும். இருவராகப் போகிறவர்களுக்கு ஒரு பாதமாவது முழுதாகத் தரையில் பட வேண்டும்.

பணக் கணக்கிலும் 350 ஒரு எல்லைக்கோடு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதமாக ஏறியது. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸிலும் அதே கோடுதான். 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி 150-க்கு மேல் 350 சிசி வரை வருஷத்துக்கு 1,366 ரூபாய், 350-க்கு மேல் 2,804 ரூபாய். இதில் மிச்சமாகும் பணத்தை ஹெல்மெட், கையுறை, முழங்கால் காப்பு, நல்ல ஜாக்கெட் ஆகியவற்றில் போடுங்கள். பைக் வாங்கிவிட்டு, கையில் காசில்லாமல் பழைய ஹெல்மெட்டோடு கோவா கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

சரி, எந்த வண்டி? மீட்டியார் 350, ஹோண்டா ஹைனஸ் சிபி350 இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். சிபி350 சுமார் 181 கிலோ, 30 நியூட்டன் மீட்டர், கிளட்ச் மிருதுவானது. நெரிசலில் அது பெரிய ஆறுதல். மீட்டியாரில் கால் முன்னால் நீட்டி உட்கார வேண்டும். முதுகுக்குக் கீழ்ப்பகுதியில் வலி வருகிறவர்களுக்குக் குழியான சாலையில் அது ஒத்துக்கொள்ளாது. இரண்டிலும் டேங்க் 15 லிட்டர், லிட்டருக்கு 35 கி.மீ. வாக்கில் தரும். 400 கி.மீ. வரை பங்க்கைத் தேட வேண்டாம். இரண்டிலும் அலாய் வீல், ட்யூப்லெஸ் டயர் கிடைக்கிறது, அதை விட்டுக்கொடுக்காதீர்கள். கம்பிச் சக்கரம் பார்க்க அழகுதான். ஆனால் ட்யூப் டயர் பஞ்சரானால் காற்று ஒரேயடியாக இறங்கும், சக்கரத்தைக் கழற்றாமல் ஒட்டவும் முடியாது. ட்யூப்லெஸ்ஸில் ஆணி குத்தினாலும் மெதுவாகத்தான் இறங்கும். ஒரு பஞ்சர் கிட்டும் சின்னக் காற்றடிக்கும் மெஷினும் இருந்தால் சாலையோரத்திலேயே பத்து நிமிஷத்தில் முடித்துவிடலாம்.

டொமினார் 400-ஐயும் சிலர் சொல்வார்கள். 40 குதிரைத்திறன், நல்ல ஹைவே வண்டி. ஆனால் அதன் சக்தி மேல் சுற்றில்தான் முழுசாக வரும், எடை 193 கிலோ, டேங்க் 13 லிட்டர். தனியாக வேகமாகப் போகிறவருக்குச் சொல்வேன், உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

வண்டி எதுவானாலும் சாமான் கட்டும் விதத்தில் கவனம் வேண்டும். கனமானது கீழே, வண்டியின் நடுவை ஒட்டி. டாப் பாக்ஸில் லேசான துணி, மழைக்கோட்டு மட்டும். பின்சக்கரத்துக்கும் பின்னால் கனத்தை வைத்தால் முன்சக்கரம் லேசாகி, வேகத்தில் ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். இருவர் ஏறினால் பின் ஷாக் அப்சார்பரின் பிரிலோடை (ஸ்பிரிங்கின் இறுக்கத்தை) இரண்டு படி ஏற்றுங்கள். டயர் காற்றை, செயின் கவரிலோ கையேட்டிலோ இருவருக்கென்று போட்டிருக்கும் அளவுக்கு, காலையில் டயர் சூடாவதற்கு முன் பிடியுங்கள்.

உங்கள் பக்கத்துச் சாலை என்பதால் ஆரல்வாய்மொழியைச் சொல்லாமல் விட முடியாது. காவல்கிணறு தாண்டி முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே ஆடி மாசத்தில் போனால் மேற்கிலிருந்து கணவாய் வழியாகக் காற்று அப்படியே தள்ளும். கனமான வண்டி கொஞ்சம் கெட்டியாக நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் இரண்டு பக்கப் பெட்டியும் டாப் பாக்ஸும் மாட்டியிருந்தால் அந்தப் பரப்பில் காற்று மோதி அந்த நன்மையைப் பறித்துவிடும். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். கையைத் தளர்த்தி, முழங்காலால் டேங்கைப் பிடித்து, வேகத்தை 50-க்குக் கொண்டுவாருங்கள். லாரியை முந்தும்போது இன்னும் கவனம் வேண்டும். லாரியின் மறைவில் காற்று சட்டென்று நின்றுபோகும். நீங்கள் காற்றுக்கு எதிராகச் சாய்ந்திருந்த பக்கமே வண்டி இழுக்கும். லாரியைத் தாண்டியதும் மறுபடி ஒரே அடியாக அடிக்கும். அங்கே முந்தாமல் பின்னாலேயே போவதுதான் சரி.

நம் நாட்டில் கியர் வண்டி லைசென்ஸ் ஒன்று இருந்தால் 100 சிசியும் ஓட்டலாம், 1000 சிசியும் ஓட்டலாம். ஐரோப்பாவில் போல படிப்படியான லைசென்ஸ் கிடையாது. அதனால் படியை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். புது வண்டி வந்ததும் காலி மைதானத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலையைச் செலவிடுங்கள். பாதி கிளட்சும் லேசான பின்பிரேக்குமாக, நடக்கிற வேகத்தில் இருபக்கமும் யூ-டர்ன் அடியுங்கள். கண் முன்சக்கரத்தில் இல்லாமல் திரும்பி முடிக்கும் இடத்தில் இருக்கட்டும். அப்புறம் 50 கி.மீ. வேகத்திலிருந்து இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி நிறுத்திப் பாருங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும்போது லீவர் விரலுக்கடியில் துடிக்கும். பழகாதவர் அந்தத் துடிப்புக்குப் பயந்து பிரேக்கை விட்டுவிடுவார். அதை ஆபத்து நேரத்தில் முதல்முறையாக உணரக் கூடாது. பிறகு மனைவியை உட்கார வைத்து இதையெல்லாம் மெதுவாக ஒருமுறை.

350 சலித்துவிடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். மணிக்கு 120-இல் போக நினைக்கிறவருக்குச் சலிக்கும். இருவராக, நாளைக்கு 350 கி.மீ., மலையும் கடலோரமுமாகப் போகிறவருக்குச் சலிக்கக் காரணம் இல்லை. லடாக்கையும் 350 எட்டும். 5,000 மீட்டருக்கு மேல் காற்று அடர்த்தி குறைவதால் எந்த இன்ஜினும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சக்தியை இழக்கும். ஆனால் அங்கே மலைப்பாதையில் யாரும் 60-ஐத் தாண்டுவதில்லை. கற்களும் நீரோடையுமான பாதையில் தனியாகப் போவதென்றால் ஹிமாலயன் 450 பொருத்தம். அதை அந்தப் பயணத்துக்கு மட்டும் மணாலியிலோ லேயிலோ வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

வாங்குவதற்கு முன்னும் வாடகைதான் நல்ல வழி. ஷோரூமில் தரும் இரண்டு கிலோமீட்டர் டெஸ்ட் ரைடில் எதுவும் தெரியாது. சென்னை, கோவை, பெங்களூரு போன்ற ஊர்களில் கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து போட்ட வாடகை பைக்குகள் கிடைக்கின்றன. நீங்கள் நினைத்திருக்கும் அதே மாடலை ஒரு சனி, ஞாயிறுக்கு எடுத்து மனைவியோடு 300 கி.மீ. ஓட்டுங்கள். கோவையில் எடுத்தால் ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது இழுவை தெரியும். இறங்கும்போது இரண்டாவது கியரில் இன்ஜினே எவ்வளவு பிடிக்கிறது, பிரேக்கை எவ்வளவு நம்ப வேண்டியிருக்கிறது என்பது தெரியும். திரும்பி வந்ததும் முதலில் உங்கள் மனைவியிடம் கேளுங்கள்: முழங்கால் மடங்கியிருந்ததா, சீட்டிலிருந்து முன்னால் வழுக்கிக்கொண்டே வந்தாரா, பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்ததா என்று. பின்சீட் அவருக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த மாடலை அப்போதே விட்டுவிட்டு, அடுத்த வார இறுதிக்கு மற்ற வண்டியை எடுத்துப் பாருங்கள்.