அந்தப் புத்தகத்தை யார் படிக்கப் போகிறார்கள்?

பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்குவது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தோம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மகனுக்கு ஒன்பது வயது. புத்தகக் கண்காட்சியில் நீதிக்கதைகள், தலைவர்கள் வரலாறு, பொது அறிவு என்று பை நிறைய வாங்கி வந்தேன். ஒன்றையும் தொடவில்லை. காமிக்ஸ் மட்டும்தான் கேட்கிறான். எப்படி மாற்றுவது?
– நாமக்கல் வாசகி

மாற்றவே வேண்டாம். அந்தப் பையில் இருந்தது எல்லாம் அவன் எப்படி வர வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுகிறீர்களோ அந்தப் பையனுக்கான புத்தகங்கள். வீட்டில் இருக்கிற பையன் வேறு ஆள். கடைசிப் பக்கத்தில் 'ஆகவே குழந்தைகளே' என்று யாரோ விரலை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறார் என்பது அட்டையைப் பார்த்ததுமே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். பள்ளியில் நாள் முழுக்கக் கேட்டதை வீட்டுக்கு வந்தும் யார் படிப்பார்கள்?

காமிக்ஸ் படிப்பதும் படிப்புதான். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை யாரும் எழுதித் தருவதில்லை, படிக்கிறவனேதான் ஊகித்துக்கொள்ள வேண்டும், அந்தப் பழக்கம் பின்னால் கதையோ நாவலோ எதைப் படித்தாலும் கைகொடுக்கும். சிவகாசியிலிருந்து 1972இல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் வந்தபோதும் பெரியவர்கள் திட்டத்தான் செய்தார்கள். அன்று பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்தவர்களில் எத்தனையோ பேர் இன்று தடித்தடியான நாவல்களை வாங்கிக் குவிக்கிறார்கள். லயன் காமிக்ஸ், முத்து காமிக்ஸ் இரண்டும் இப்போதும் வருகின்றன. ஆனால் அவற்றில் பல கதைகள் பெரியவர்களுக்கானவை, அதனால் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். ஒன்பது வயதுக்கு லக்கி லூக் மாதிரி சிரிப்புக் கதைகள் சரியாக இருக்கும்.

அப்புறம் காமிக்ஸில் அவனுக்கு எது பிடிக்கிறது என்று கவனியுங்கள். சிரிப்பா, துப்பறிதலா, பேய் பிசாசா? பேய் என்றால் விக்கிரமாதித்தனும் வேதாளமும் இருக்கவே இருக்கிறார்கள். ஒவ்வொரு கதையும் ஒரு கேள்வியில் வந்து நிற்பதால் ராஜா சொன்ன பதில் சரியா என்று உங்களோடு மல்லுக்கட்டலாம். இரா. நடராசன் அதே வேதாளத்தை அறிவியல் பக்கம் இழுத்துவந்து 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' எழுதியிருக்கிறார், 2014இல் சாகித்திய அகாதெமியின் சிறுவர் இலக்கிய விருதான பால சாகித்திய புரஸ்கார் வாங்கிய புத்தகம். தலைவர்கள் வரலாற்றைத் தூக்கிப் போட வேண்டாம். என்றாவது அவனே "காந்தி யாரும்மா?" என்று கேட்பான், அன்றைக்கு எடுத்துக் கொடுங்கள்.

மகள் ஆறாம் வகுப்பு. ஆங்கிலத்தில் கடகடவென்று படிக்கிறாள், தமிழில் எழுத்துக்கூட்டுகிறாள். அவள் வயதுக்கான தமிழ்ப் புத்தகம் கஷ்டமாக இருக்கிறது, சுலபமானதைக் கொடுத்தால் 'பாப்பா புக்' என்று தள்ளிவிடுகிறாள்.
– கோவை வாசகர்

இந்தச் சிக்கல்தான் இந்த முறை அதிகம் வந்தது. அட்டையில் போட்டிருக்கும் வயதை மறந்துவிடுங்கள். தமிழக அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கத்தில் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று படிக்கிற திறனை வைத்துத்தான் பிரித்திருக்கிறார்கள். எழுத்து பெரிதாக, வாக்கியம் குட்டியாக இருக்கும், அதற்காக விஷயம் மழலையாக இருக்க வேண்டியதில்லை. சென்னைத் தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகங்களில் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் நிலை வாரியாகத் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அங்கேயும் சின்னப் பிள்ளைப் படங்கள்தான் அதிகம் என்று அவள் முகம் சுளிக்கலாம். அப்படியானால் விடுகதை, நகைச்சுவைத் துணுக்குகள், 'துளிர்' அறிவியல் இதழில் வரும் குட்டிக் கட்டுரைகள் என்று ஒரு பக்கத்தில் முடிகிறவற்றைக் கொடுங்கள். தம்பி தங்கை இருந்தால் இன்னும் நல்லது. அவர்களுக்குப் படித்துக் காட்டும் சாக்கில் 'பாப்பா புக்'கை இவள் படித்துவிடுவாள், மானமும் போகாது.

இன்னொன்று, நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள். பதினொரு வயதுப் பெண்ணுக்கு அப்பா கதை படிப்பதா என்று யோசிக்க வேண்டாம். ஜப்பானிய எழுத்தாளர் தெத்சுகோ குரோயாநாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதிய 'டோட்டோ-சான்' தமிழில் கிடைக்கிறது. பழைய ரயில் பெட்டிகளே வகுப்பறை என்றால் எந்தப் பிள்ளை கேட்காது? அத்தியாயங்கள் சின்னச் சின்னவை. விறுவிறுப்பான இடத்தில் உங்களுக்கு ஃபோன் வந்துவிட்டதாகச் சொல்லி எழுந்து போங்கள். அடுத்த பத்தியை எழுத்துக்கூட்டியாவது அவளே படிப்பாள்.

பதினான்கு வயதுப் பையனுக்கு என்ன கொடுப்பது? பொன்னியின் செல்வனை ஆசையாக வாங்கிக் கொடுத்தேன், ஐம்பது பக்கத்தோடு நிறுத்திவிட்டான்.
– திருநெல்வேலி வாசகர்

வருத்தப்படாதீர்கள், அது நிறையப் பேர் நிறுத்துகிற இடம்தான். கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக எழுதினார். வாரம் ஓர் அத்தியாயம் என்று காத்திருந்து படித்தவர்களுக்கு வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் நிதானமாக ஆடிப்பெருக்குப் பார்த்துக்கொண்டிருந்தது பாரமாகத் தெரிந்திருக்காது. ஐந்து பாகங்களையும் மொத்தமாக மேசைமேல் அடுக்கினால் மலைப்பாக இருக்காதா? முதல் பாகத்தை மட்டும் வெளியே வைத்துவிட்டு மற்றதை ஒளித்துவையுங்கள். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் சதி பேசுகிற இடம் வரைக்கும் ஒலிப்புத்தகமாகக் கேட்டுவிட்டு அப்புறம் படிக்கட்டும். அப்போதும் பிடிக்கவில்லையா? விட்டுவிடுங்கள், பொன்னியின் செல்வன் எங்கேயும் போகாது.

உண்மையைச் சொன்னால், தமிழில் இந்த வயதுக்கென்று எழுதப்பட்டது மிகவும் குறைவு. சிறுவர் கதையிலிருந்து நேராகப் பெரியவர்கள் நாவலுக்குத் தாவ வேண்டியிருக்கிறது. அந்தத் தாவலுக்கு நான் முதலில் கைகாட்டுவது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. சர்வாதிகார ஆட்சி, புத்தகம் படிக்கிற, வாய் துடுக்கான ஜீனோ என்னும் இயந்திர நாய், வேகமான வசனங்கள். செயற்கை நுண்ணறிவோடு தினமும் பேசிக்கொண்டிருக்கிற பையனுக்கு அந்த நாயைச் சட்டென்று பிடித்துப்போகும். கிரிக்கெட் பைத்தியமா, மோட்டார் பைத்தியமா, அதைப் பற்றிய புத்தகமே கொடுங்கள். பதினான்கு வயதுப் பையன்களில் பலருக்குக் கதையைவிடத் தகவல்தான் ருசிக்கிறது, பெற்றோர் அதைப் படிப்பாகவே கணக்கில் எடுப்பதில்லை.

பாலியல் தொல்லை, மரணம் போன்றவை வரும் சிறுவர் புத்தகங்களைப் பன்னிரண்டு வயதில் கொடுக்கலாமா?
– திருச்சி வாசகி

கொடுக்கலாம், நீங்கள் முதலில் படித்துவிட்டு. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' அந்தத் தொல்லையைப் பற்றித்தான் பேசுகிறது, ஒரு பொம்மை பேசுவதாக வருவதால் பயமுறுத்தாமல் சொல்லிவிடுகிறது. 2020க்கான பால சாகித்திய புரஸ்கார் அதற்குத்தான் கிடைத்தது. இரா. நடராசனின் 'ஆயிஷா' அரை மணியில் முடிந்துவிடும், முடிவு பெரியவர்களையே உலுக்கிவிடும், ஆகவே பிள்ளை அதைத் தனியாகப் படிக்கிற நாளில் நீங்கள் வீட்டில் இருங்கள். பிள்ளை கேட்டால் பேசுங்கள். கேட்காவிட்டால் துருவ வேண்டாம்.

படித்ததும் சுருக்கம் எழுதச் சொல்லலாமா?
– வேலூர் வாசகர்

கூடாது. நீங்கள் ஒரு சினிமா பார்த்துவிட்டு வந்ததும் யாராவது இரண்டு பக்கம் எழுதச் சொன்னால் அடுத்த படத்துக்குப் போவீர்களா? வாசகனின் உரிமைகள் என்று பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் பத்து எழுதிவைத்தார். படிக்காமல் இருக்கும் உரிமை, பக்கங்களைத் தாண்டிப் போகும் உரிமை, பாதியில் மூடிவைக்கும் உரிமை, இவைதான் அதில் முதல் மூன்று. பெரியவர்கள் மூன்றையும் தாராளமாக அனுபவிக்கிறோம்.

இவ்வளவும் வாங்கக் கட்டுப்படியாகாதே?
– கடலூர் வாசகி

வாங்க வேண்டாமே. உங்கள் மாவட்ட மைய நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள், பிள்ளை பெயரிலேயே உறுப்பினராகச் சேருங்கள். சென்னைக்கோ மதுரைக்கோ போகிற வேலை இருந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023இல் திறந்த மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டிலும் சிறுவர் பிரிவு உண்டு, அரை நாள் அங்கேயே விட்டுவிடலாம். புத்தகக் கண்காட்சிக்குப் போனால் இருநூறு ரூபாயைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பஜ்ஜிக் கடைப் பக்கம் போய்விடுங்கள். எதை வாங்கி வந்தாலும் "இதுக்கா இருநூறு?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.