பறக்கும் தக்கையை அம்பால் அடிக்கும் மகள்: பைலட் படிப்புக்குக் கடன் வாங்கலாமா?

அம்மா, மகளின் பைலட் படிப்புக்கு வீட்டை அடகு வைத்துக் கடன் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆறு மீட்டர் தள்ளி மேலே எறிந்த தக்கையை மகள் அம்பால் அடிக்கிறாள். அதைப் பார்த்த பெரியப்பாவும் மாமாவும் "பருந்துக் கண்ணு, பைலட் ஆக்கிடு" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். அந்தக் கணக்கே தவறு.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் 72 அம்புகளில் 699 புள்ளி எடுத்து உலக சாதனை படைத்த தென்கொரிய வீரர் இம் டோங்-ஹியூனின் இடக்கண் பார்வை 20/200தான்; அதாவது, நல்ல கண் 200 அடியிலிருந்து காண்பதை அந்தக் கண் 20 அடிக்கு வந்தால்தான் காணும். உங்கள் மகளின் திறமையும் கூர்மையில் இல்லை, நேரக் கணிப்பில் இருக்கிறது. எறிந்த பொருள் உச்சியில் ஒரு கணம் நிற்கும். அதற்கு முந்தைய 0.1 வினாடியில் அது நகர்வது வெறும் 5 செ.மீ. நொடிக்கு 50 மீட்டர் போகும் அம்பு அங்கே சேர 0.12 வினாடி ஆகும். கண் கண்டு விரல் நாணை விட இன்னும் சுமார் 0.2 வினாடி. ஆக, தக்கை உச்சிக்கு அரை மீட்டர் கீழே ஏறிக்கொண்டிருக்கும்போதே அவள் முடிவெடுத்துவிடுகிறாள். பழகப் பழக வந்தது இது. விமானிக்கான மருத்துவப் பரிசோதனையில் கண்ணாடி போட்டவர்களும் தேறுகிறார்கள். கூரிய கண் அங்கே தனிச் சலுகை எதையும் தராது.

வீட்டை அடகு வைக்காதீர்கள். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தவணை வந்து நிற்கும். அவளே ஆசைப்பட்டிருந்தால் வேறு பேச்சு. அவள் கேட்கவே இல்லையே!

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது: தோழிகளின் அம்பு ஏன் விலகுகிறது என்று நோட்டில் எழுதி வைக்கிறாள் என்று. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆப்டோமெட்ரி என்றொரு பட்டப்படிப்பு இருக்கிறது. கண்ணின் பார்வைத்திறனை அளந்து, குறை கண்டு, சரிசெய்யும் படிப்பு.

அவள் நோட்டிலுள்ள கேள்விகளுக்கு விடை அங்கேதான் கிடைக்கும். உதாரணமாக, அம்பு விலகும் தோழியிடம் கைகளை நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே சிறு துளை விட்டு, இரு கண்ணாலும் தூரப் புள்ளியைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கண்ணை மூடினால் புள்ளி மறைகிறதோ அதுவே முதன்மைக் கண், அதாவது குறிபார்க்க மூளை அதிகம் நம்பும் கண். வலப்பக்கம் நாண் இழுப்பவருக்கு அது இடக்கண்ணாக இருந்து, இரு கண்ணும் திறந்தே எய்தால், அம்பு இடப்பக்கம் போகும். கண்ணாடி போட்டவருக்கு வேறு சிக்கல்: பக்கவாட்டில் நின்று தலையைத் திருப்புவதால் லென்ஸின் மூக்கோர விளிம்பு வழியாகப் பார்க்கிறார். பவர் அதிகமென்றால் இலக்கு இடம் மாறித் தெரியும்; லென்ஸின் ஒளிமையத்தை மூக்குப் பக்கம் நகர்த்தித் தரவேண்டும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒன்றாகவே உதவும் ப்ரோக்ரெஸிவ் லென்ஸில் அந்த ஓரமே கலங்கலானது.

விளையாட்டு வீரர்களின் கண்ணை மட்டும் பார்க்கும் வேலைகள் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்றாடச் சோறு கண் மருத்துவமனையிலும் கண்ணாடிக் கடையிலும்தான். இயற்பியலில் ஒளியியல் கசந்தால் இது வேண்டாம். கல்லூரியில் சேர்க்குமுன், மாணவர்கள் தம் கையால் எத்தனை நோயாளிகளைப் பரிசோதிப்பார்கள் என்று கேளுங்கள்.

விலையுயர்ந்த வில் இப்போது வாங்காதீர்கள். வளரும் பிள்ளைக்கு நாணை இழுக்கும் நீளம் கூடும்; பழைய அம்பும் குட்டையாகிவிடும். குட்டையான அம்பு, வில்லில் அது அமரும் தாங்கியிலிருந்து பின்னால் நழுவிக் கையைக் கிழிக்கும்.

முதலில் ஓர் ஆப்டோமெட்ரிஸ்டின் அருகே அவள் அரைநாள் உட்கார்ந்து பார்க்கட்டும். வெளியே வந்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வியை எனக்கு எழுதி அனுப்புங்கள்.