பென்டோனைட்டில் சீசியம் ஏன் நிற்பதில்லை?
சீசியம் என்ற உலோகத்தை மண்ணில் நிறுத்திவைக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரி ஆய்வுக்காகச் சிங்கப்பூரின் புக்கிட் தீமா மண்ணில் பென்டோனைட் என்ற களிமண்ணைக் கலந்தும், 1 மோலார் அம்மோனியம் அசிட்டேட் கரைசலில் கழுவியதும் சீசியம் வெளியே வந்துவிட்டது என்கிறீர்கள். வரத்தான் செய்யும். பென்டோனைட் அடுக்குகளில் மின்னூட்டம் குறைவு. சீசியத்தைப் பிடிக்கும், பூட்டாது. அந்தக் கிரானைட் மண்ணில் மிகுந்திருக்கும் கயோலினைட் என்ற களிமண் கனிமமும் கைகொடுக்காது. வெர்மிகுலைட் என்ற அடுக்குக் கனிமத்துக்கு மாறுங்கள். சீசியம் நுழைந்ததும் இடையிலுள்ள நீர் வெளியேறி, அடுக்கு இடைவெளி 1.4 நானோமீட்டரிலிருந்து சுமார் 1.1-க்குச் சுருங்கி அயனியைச் சிறைவைக்கும்.

லிட்டருக்கு 100 மில்லிகிராம் சீசியமும் அதிகம். இறுகப் பிடிக்கும் இடங்கள் கொஞ்சம்தான், சட்டென்று நிரம்பிவிடும். கதிரியக்கமற்ற சீசியம் குளோரைடிலேயே 1 மில்லிகிராமுக்கு இறக்குங்கள்: 1 கிராம் வெர்மிகுலைட், 50 மில்லிலிட்டர் கரைசல், 24 மணி நேரக் குலுக்கல். வடிகட்டுமுன் மையவிலக்கியில் சுழற்றுங்கள். நுண்துகள் வடிநீரில் நழுவினால் அதுவும் வெளிவந்த சீசியமாகக் கணக்கில் ஏறும். ஸ்ட்ரான்சியம் என்ற உலோகத்துக்கு இந்தச் சிறைவைக்கும் வித்தை பலிக்காது.