வாசகர் கேள்வி – பதில்: டார்பிஷயரில் 22 ஆண்டுகள்

தோவாளையில் பிறந்து, செவிலியர் வேலைக்காக 2002-இல் இங்கிலாந்து சென்று, டார்பிஷயர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 22 ஆண்டுகள் வாழ்ந்து ஊர் திரும்பிய வாசகி ஒருவர் இந்த வாரக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

ஆங்கிலேயர்கள் பக்கத்து வீட்டாரோடுகூட முகம் கொடுத்துப் பேச மாட்டார்களாமே? எப்படி இத்தனை ஆண்டுகள் இருந்தீர்கள்? – வாசகி, திருச்சி

என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நாங்கள் குடிபோனது ஒரு மார்ச் மாதம், நல்ல மழை. பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மூதாட்டி வந்து கதவைத் தட்டினார். கையில் ஒரு பால் பாட்டில். "முதல் நாளே பால் தேடி அலைய வேண்டாம், டீ போட்டுக் குடியுங்கள்" என்றார். உள்ளே வாருங்கள் என்று எவ்வளவு அழைத்தும் வரவில்லை. வாசற்படிக்கு அந்தப் பக்கம், தூறலில் நின்றபடியே இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு மனம் சுருங்கிப் போயிற்று. நம் ஊரில் வாசல்வரை வந்தவர் உள்ளே வராமல் திரும்பினால் ஏதோ மனத்தாங்கல் என்றுதானே பொருள்? வீடு மாறி அலுத்துக் கிடப்பவர்களை உட்கார்ந்து உபசரிக்க வைக்கக் கூடாது என்று அவர் நினைத்திருக்கிறார். பிறருக்குப் பாரமாகிவிடக் கூடாது என்ற அந்த எண்ணம் அங்கே எல்லாவற்றிலும் உண்டு. வரிசையில் நிற்பதிலும், தெரியாமல் அவர்கள் காலை நாம் மிதித்தாலும் அவர்களே "சாரி" சொல்வதிலும் அதைத்தான் பார்த்தேன். இது எனக்குப் பிடிபட ஓராண்டு ஆயிற்று.

பேச மாட்டார்கள் என்பவர்கள் ஒருமுறை டார்பிஷயரில் பஸ் ஏற வேண்டும். ஓட்டுநர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு "டக்" என்பார். வாத்து என்ற அதே சொல்தான். காய்கறிக் கடைக்காரர், தபால்காரர், என் வார்டில் படுத்திருந்த சுரங்கத் தொழிலாளி என எல்லோருக்கும் எல்லோரும் "டக்". யார்க்ஷயரில் "லவ்", நியூகாசில் பக்கம் "பெட்" (செல்லம்), ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பெண்களை "ஹென்" (கோழி). எங்கள் குமரி மாவட்டத்தில் சிறியவர் பெரியவர் பாராமல் "மக்களே" என்று கூப்பிடுவோமே, அதே வாஞ்சை. ஸ்காட்லாந்துக்காரரையும் வேல்ஸ்காரரையும் ஆங்கிலேயர் என்று சொல்லிவிடாதீர்கள், வருத்தப்படுவார்கள். நான் நெருங்கி வாழ்ந்தது டார்பிஷயர் மக்களோடு; அவர்களை வைத்தே பேசுகிறேன்.

பாலை முதலில் ஊற்றுவதா, டீயை முதலில் ஊற்றுவதா என்று அங்கே சண்டையே நடக்குமாமே? – வாசகர், கோவை

நடக்கும். ஆனால் என் மனத்தில் நிற்பது வேறு. அந்த மூதாட்டி 1932-இல் பிறந்தவர். போர்க்காலத்தில், 1940 ஜூலையில், டீக்கு ரேஷன் வந்தபோது அவர் சிறுமி. ஆளுக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ், ஏறக்குறைய 56 கிராம். போர் முடிந்தும் ரேஷன் முடியவில்லை. டீக்கு 1952-இல்தான் விடுதலை கிடைத்தது, இறைச்சிக்கு 1954-இல். 80 வயதிலும் டப்பாவிலிருந்து டீத்தூளை எடுக்கும்போது கரண்டியை டப்பா விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவார். குவிந்திருந்த தூள் திரும்ப உள்ளே விழும். தலைதட்டிய கரண்டிதான் பானைக்குள் போகும். அலமாரியில் இன்னும் மூன்று பாக்கெட் இருக்கும். அப்படியும் கை அதன் வழக்கத்தை விடவில்லை. என் பாட்டி படியில் அரிசியைத் தலைதட்டி அளந்தது நினைவுக்கு வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டார்பிஷயர் பக்கத்தில் மதியச் சாப்பாட்டுக்கு "டின்னர்" என்று பெயர், மாலைச் சாப்பாட்டுக்கு "டீ". சனிக்கிழமை ஐந்து மணிக்கு டீக்கு வாருங்கள் என்றால் ரொட்டி, வெண்ணெய், பன்றி இறைச்சித் துண்டு, ஊறவைத்த பீட்ரூட், கேக் என்று மேசை நிறைந்திருக்கும். வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள். ஓட்டல்களில் அடுக்குத் தட்டில் வரும் "ஆஃப்டர்நூன் டீ" 1840-களில் பெட்ஃபர்டு கோமகள் ஆனா பரப்பிய பிரபு வீட்டுப் பழக்கம். உழைக்கிற வீட்டின் டீ இந்த ஐந்து மணி டீதான்.

ஒரே தொட்டியில் வெந்நீருக்கு ஒரு குழாய், தண்ணீருக்கு ஒரு குழாய் எதற்கு? – வாசகர், சேலம்

பழைய வீடுகளில் குளிர்ந்த நீர் தெருக்குழாயிலிருந்து நேராக வரும், குடிக்கலாம். வெந்நீருக்கான தண்ணீர் பரண்மேல் உள்ள தொட்டியில் தேங்கி நின்று வருவது, குடிக்க ஏற்றதல்ல. இரண்டும் கலந்துவிடக் கூடாது என்றுதான் தனித்தனிக் குழாய். புது வீடுகளில் ஒரே குழாய் வந்துவிட்டது.

நம் கோலம், பூ அலங்காரம் போல அவர்களிடம் ஏதாவது உண்டா? – வாசகி, கும்பகோணம்

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். டார்பிஷயரில் கிணறுகளுக்குப் பூவால் அலங்காரம் செய்கிறார்கள். "வெல் டிரெஸ்ஸிங்" என்று பெயர். டிசிங்டன் என்ற கிராமத்தில் ஈஸ்டர் கழிந்து நாற்பதாம் நாள் வரும் விண்ணேற்றத் திருநாளில் நடக்கும். 1348–49-இல் கொள்ளைநோய் நாட்டையே வாரிக்கொண்டு போனபோது தங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் காப்பாற்றியது என்று அந்த ஊரார் சொல்கிறார்கள். யூல்கிரீவ் கிராமத்தில் இது 1829-இல் குழாய்த் தண்ணீர் வந்ததைக் கொண்டாடத் தொடங்கியது. அந்த ஊரின் தண்ணீர் இன்றும் ஊராரின் சொந்தக் கம்பெனியிலிருந்துதான் வருகிறது. தண்ணீர் வந்த நாளைப் பூச்சூட்டிக் கொண்டாடும் மக்களை எப்படிப் பிடிக்காமல் போகும்?

பூவை மாலையாகக் கட்டித் தொங்கவிடுவார்கள் என்று நினைத்துப் போனேன். அதுவல்ல. ஆள் உயரப் பலகைகளில் ஆணி அடித்து, மரம் நீர் குடித்து ஊறும்வரை ஆற்றிலோ குளத்திலோ போட்டு வைக்கிறார்கள். களிமண்ணில் உப்பும் தண்ணீரும் சேர்த்துப் பிள்ளைகள் ரப்பர் பூட்ஸ் காலோடு மிதிக்கிறார்கள். உப்பு மண்ணைக் காயவிடாது. பதம் வந்த மண்ணைப் பலகையில் அப்பி, மேலே படம் வரைந்த தாளை விரித்து ஊசியால் குத்திக் குத்திக் கோடுகளை இறக்குகிறார்கள். அந்தக் கோடுகளின்மேல் ஆல்டர் மரத்தின் சின்னஞ்சிறு கருங்காய்களையோ காப்பிக்கொட்டையையோ வரிசையாகப் பதிக்கிறார்கள். பிறகுதான் இதழ். இதழ், இலை, பாசி, மரப்பட்டை, விதை என எல்லாம் மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டும்.

எங்கள் ஊர் மண்டபத்தில் முதல் தடவை உதவிக்குப் போனபோது, ஹைட்ரேஞ்சியா இதழ்களை ஒரு தட்டில் என் முன்னால் வைத்தார்கள். தோவாளையில் பிறந்தவளுக்குப் பூவைத் தொடச் சொல்லித்தர வேண்டுமா? எங்கள் வீட்டுப் பெண்கள் அரளியும் நொச்சி இலையும் மடித்து மாணிக்கமாலை கட்டுகிறவர்கள். நான் மேலிருந்து கீழாக வைக்கத் தொடங்கினேன். பக்கத்தில் இருந்த அம்மா மெதுவாக என் கையை நிறுத்தினார். கீழ் விளிம்பிலிருந்து தொடங்க வேண்டும். ஓடு வேய்வதுபோல் ஒவ்வோர் இதழும் தனக்குக் கீழுள்ள இதழை அரைவாசி மூட வேண்டும். அப்போதுதான் மழை பெய்தால் நீர் வழிந்து ஓடும், மண் கரையாது. எப்போது மழை வரும் என்று சொல்ல முடியாத நாட்டின் பூவேலை அது. அன்று இரவு பதினொரு மணிவரை குனிந்து இருந்தேன். என்னால் முடிந்தது ஒரு புறாவின் ஒரு சிறகு. பாதிரியார் வந்து கிணற்றை ஆசீர்வதித்தபோது அந்தச் சிறகைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வாரத்தில் இதழ்கள் பழுப்பேறிவிடும். மண்ணை வழித்து எடுத்துவிட்டுப் பலகையைக் கழுவி வைத்துவிடுவார்கள், அடுத்த ஆண்டுக்கு.

ஜல்லிக்கட்டைக் காட்டுமிராண்டித்தனம் என்று சொன்னவர்கள் அவர்கள். அவர்களிடம் அப்படி முரட்டு விளையாட்டே கிடையாதா? – வாசகர், அலங்காநல்லூர்

ஏன் கிடையாது? ஆஷ்போர்ன் என்ற ஊருக்கு வாருங்கள். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய செவ்வாய், மறுநாள் சாம்பல் புதன், இரண்டு நாளும் ஊரே பந்து ஆடும். ஹென்மோர் ஓடைக்கு வடக்கே பிறந்தவர்கள் "அப்பர்ட்ஸ்", தெற்கே பிறந்தவர்கள் "டவுனர்ட்ஸ்". மேலூரார், கீழூரார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு கோல்களுக்கும் நடுவே மூன்று மைல். நூற்றுக்கணக்கானோர் தோளோடு தோள் முட்டிப் பந்தைத் தள்ளிக்கொண்டு தெருவிலும் வயலிலும் ஓடைத் தண்ணீரிலும் போவார்கள். பந்து தண்ணீரில் மிதக்க உள்ளே தக்கை அடைத்திருப்பார்கள். கடைக்காரர்கள் முதல் நாளே கண்ணாடிகளுக்குப் பலகை அடித்துவிடுவார்கள். தங்கள் பக்கத்து ஆலைக்கல்லில் பந்தை மூன்று முறை தட்டினால் கோல். தட்டியவருக்கே பந்து சொந்தம். 1928-இல் அன்றைய வேல்ஸ் இளவரசர் வந்து பந்தைத் தூக்கிப் போட்டுத் தொடங்கி வைத்தார். 2003-இல் இன்றைய அரசர் சார்லஸ். பிப்ரவரிக் குளிரில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிற அந்த இளைஞர்களின் உடம்பிலிருந்து ஆவி எழும். வாடிவாசலில் நிற்கிறவனை அவர்கள் பார்த்தால் புரிந்துகொள்வார்கள் என்பது என் நம்பிக்கை.

சாவு வீட்டில் அவர்கள் அழவே மாட்டார்களா? – வாசகி, தூத்துக்குடி

அழுவார்கள், கதவைச் சாத்திக்கொண்டு. என் முதல் குளிர்காலத்தில் வார்டில் ஒரு பெரியவர் விடியற்காலை மூன்று மணிக்கு இறந்தார். மூத்த செவிலியர் அவர் முகத்தைத் துடைத்தார், தலையணையைச் சரிசெய்தார், பிறகு போய் ஜன்னலைத் திறந்துவிட்டார். மருத்துவமனை ஜன்னல் நான்கு விரற்கடைக்குமேல் திறக்காது. வெளியே பனி. குளிருமே என்று நான் மூடப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, "அவர் போகட்டும்" என்றார். உயிர் வெளியேற வழி விடுவதாம். அந்த நாட்டுச் செவிலியர்கள் பலரும் இன்றும் இதைச் செய்கிறார்கள். பயிற்சிப் புத்தகம் எதிலும் எழுதி வைக்கவில்லை. 22 ஆண்டுகளும் நானும் திறந்தேன்.

அடக்கத்துக்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். அதுவரை கணப்படுப்புக்கு மேலிருக்கும் தட்டில் அனுதாப அட்டைகள் ஒவ்வொன்றாகச் சேரும். அடக்கத்தன்று உயரத் தொப்பி அணிந்த ஒருவர் சவ ஊர்திக்கு முன்னால் கொஞ்ச தூரம் நடந்து போவார். எதிரே வருகிற முன்பின் தெரியாத ஆட்கள்கூட நடைபாதையில் நின்று தொப்பியைக் கழற்றுவார்கள். அழகான மரியாதை. ஆனாலும் ஒப்பாரி இல்லாத துக்கம் எனக்குக் கடைசிவரை பழகவில்லை. மாரில் அடித்து அழுதால் மனம் இறங்கும். அங்கே மாதக்கணக்கில் இறங்காத மனங்களை என் நோயாளிகளிடம் பார்த்திருக்கிறேன்.

புத்தாண்டை எப்படிக் கொண்டாடுவார்கள்? வாணவேடிக்கை தவிர ஏதாவது உண்டா? – வாசகர், நாகர்கோவில்

லண்டனில் வாணவேடிக்கை. எங்கள் தெருவில் கரி. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் வடபகுதியிலும் எங்கள் பக்கத்திலும் ஒரு நம்பிக்கை உண்டு: நள்ளிரவு கடந்து வீட்டுக்குள் முதல் கால் வைப்பவர் கறுப்புத் தலைமுடி உள்ள ஆணாக இருக்க வேண்டும், கையில் நிலக்கரி இருக்க வேண்டும். அந்த ஆண்டு முழுவதும் அடுப்பு அணையாது.

2003 டிசம்பரில் அந்த மூதாட்டி என் கணவரிடம் மிகுந்த தயக்கத்தோடு வந்து கேட்டார். அவருடைய கணவர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். காலமாகிப் பல ஆண்டு ஆயிற்று. அதன்பிறகு அந்த வீட்டில் முதல் கால் வைக்க ஆள் இல்லை. என் கணவர் 31-ஆம் தேதி இரவு பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவர் வீட்டுப் பின்வாசல் வழியாக வெளியே போய், சுற்றிக்கொண்டு தெருவில் வந்து நின்றார். கோயில் மணி அடித்ததும் முன்கதவைத் தட்டினார். கையில், அவர் கணவர் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்த ஒரு கரித்துண்டு. எலுமிச்சை அளவு இருக்கும், ஒரு பக்கம் கண்ணாடிபோல மின்னும். அதைக் கணப்படுப்பில் வைத்த பிறகுதான் மூதாட்டி வாய்திறந்து வாழ்த்துச் சொன்னார். என் கணவர் மது தொடாதவர் என்பதால் விஸ்கிக்குப் பதில் சூடான இஞ்சிச்சாறு வைத்திருந்தார். எரிக்கிற கரியல்ல அது. மறுநாள் செய்தித்தாளில் சுற்றி பிஸ்கட் டின்னில் வைத்துவிடுவார். ஆண்டுதோறும் அதே துண்டு.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் என் கணவருக்கு முடி நரைத்துவிட்டது. "இனி நான் ஆகாது, வேறு யாரையாவது பாருங்கள்" என்று இவரே சொன்னார். மூதாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. "என் வீட்டு வாசல் பழகிய கால் உன்னுடையது" என்றார்.

2019-இல் அவர் காலமானார். அடக்கம் முடிந்த மறு வாரம் அவருடைய மகள் அந்த பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து எங்களிடம் கொடுத்தார். இப்போது அது தோவாளையில், எங்கள் வீட்டு நிலைக்கு மேலே இருக்கிறது. டிசம்பர் 31 இரவு என் கணவர் அதை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போகிறார். நான் முன்வாசலில் கோலம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறேன்.