கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம் முக்குக்கு முக்கு கிளப் போர்டு இருக்கிறதே, அங்கே என்னதான் நடக்கிறது? புதிதாகக் குடிவந்தவர்கள் சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். போர்டில் 'ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப்' என்றோ 'படிப்பகம்' என்றோ இருக்கும். உள்ளே பெரும்பாலும் ஒரே காட்சிதான். ஒரு பெஞ்சில் நாலு பேர் தினத்தாளை ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்து வைத்திருப்பார்கள், ஓரத்தில் பவுடர் பூசிய கேரம் போர்டு. ஓணம் வந்தால் அந்த இடமே மாறிவிடும்: வடமிழுத்தல், உறியடி, வழுக்குமரம். ரசீதுப் புத்தகத்தோடு பையன்கள் உங்கள் வீட்டுக்கும் வருவார்கள். முகம் சுளிக்காமல் கொடுங்கள், பழக்கம் அங்கேதான் தொடங்கும். தூத்தூர் மாதிரி கடற்கரை ஊர்களில் கேரமுக்குப் பதில் கால்பந்து.

இப்படி ஓரிடத்தில் கூடுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. 1920களில் மார்த்தாண்டத்தில் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராம மையம் தேனீ வளர்ப்பும் கோழி வளர்ப்பும் சொல்லிக்கொடுத்தது. இன்றைய மார்த்தாண்டம் தேனுக்கு வேர் அங்கே இருக்கிறது.

பெண்களுக்குக் கிளப்பை விட மகளிர் சுயஉதவிக் குழுதான் பயன்படும். கத்தோலிக்க ஊரென்றால், பக்கத்துப் பக்கத்து வீட்டார் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டமும் உண்டு.

பணம் கொடுத்து உறுப்பினராகும் முன் ஒன்று கேளுங்கள்: பதிவு செய்த சங்கமா? 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் இருந்தால் பதியலாம். பதிந்த சங்கம் ஆண்டுக் கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒருமுறை கிளப் வாடகைக்கு விடும் பாத்திரங்களின் கணக்கில் தகராறு வந்து, ஒரு கிளப் இரண்டாகி, எதிரெதிரே இரண்டு போர்டு தொங்கியது. வடமிழுக்க மட்டும் ஒரே கயிறுதான்.