மக்காச்சோள வேரைத் தின்னும் வண்டு இதுதானா?

கேள்வி: தேவனஹள்ளி அருகே எங்களுக்குச் சிறிது நிலம் இருக்கிறது. மக்காச்சோளமும் வரப்போரம் பரங்கியும் போட்டிருக்கிறோம். பரங்கி இலைகளில் ஆரஞ்சு நிற வண்டுகள் மொய்க்கின்றன. மக்காச்சோளத்தில் சில செடிகள் சாய்ந்துவிட்டன. அமெரிக்காவில் வேரை அழிக்கும் வண்டு இதுதானா? மருந்து அடிக்கலாமா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: மருந்தை எடுப்பதற்கு முன் மண்வெட்டியை எடுங்கள். பரங்கியில் இருப்பது நம் ஊர்ச் சிவப்புப் பூசணி வண்டு. அதன் புழுவும் மண்ணுக்குள் வேரைத் தின்னும் என்றாலும், பூசணி, வெள்ளரி இனங்களை விட்டு மக்காச்சோளத்துக்குப் போவதில்லை. அமெரிக்க மேற்கத்திய வேர்ப்புழு வண்டோ மஞ்சள் உடலில் கறுப்புக் கோடுகள் கொண்டது. அது இந்தியாவில் நிலைகொண்டிருக்கவில்லை.

ஆயினும் அதைப் பற்றி நம் உழவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே நினைக்கிறேன். கோடை முடிவில் மக்காச்சோள வயல் மண்ணில் இடப்படும் முட்டைகள் பனிக்காலம் முழுவதும் அங்கேயே கிடந்து மறு ஆண்டு பொரிகின்றன. வெளிவரும் புழுக்கள், வேர் விடும் கரியமில வாயுவைக் கொண்டே வேரைத் தேடிச் செல்கின்றன. மறு ஆண்டு சோயா விதைத்தால் அவை பட்டினியால் மடியும் என்பதால் பயிர்ச் சுழற்சியே பல்லாண்டுகள் போதுமானதாக இருந்தது. ஆனால் 1990களில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் தாய் வண்டுகள் சோயா வயலிலேயே முட்டையிடத் தொடங்கின. இதன் உறவான வடக்கத்திய வேர்ப்புழு இனத்தின் முட்டைகளில் ஒரு பகுதி இரண்டு பனிக்காலம் பொரியாமல் காத்திருந்து, மீண்டும் மக்காச்சோளம் வரும் ஆண்டில் வெளிவந்தன. புழுவைக் கொல்லும் நஞ்சைத் தானே உண்டாக்கும்படி மரபணு மாற்றப்பட்டு 2003இல் அறிமுகமான பி.டி. மக்காச்சோளத்தையும், அதே ரகத்தைத் தொடர்ந்து விதைத்த அயோவா வயல்களில், 2009க்குள் இப்பூச்சி எதிர்க்கப் பழகிவிட்டது. 1992இல் பெல்கிரேடு விமான நிலையம் அருகே தென்பட்டு ஐரோப்பாவிலும் பரவியது. மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவும் இப்படித்தான் கடல் கடந்து வந்து, 2018இல் சிவமொக்காவில் முதலில் கண்டறியப்பட்டது. ஆகவே உங்கள் ஐயம் நியாயமானதே.

சாய்ந்த செடி ஒன்றை மண்ணோடு தோண்டிப் பாருங்கள். வேர் அறுபட்டு, அருகே அரைவட்டமாகச் சுருண்ட தடித்த வெள்ளைப் புழு கிடந்தால் அது வெள்ளை வேர்ப்புழு. அதை ஒரு புட்டியில் இட்டு ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்தில் காட்டி ஆலோசனை பெறுங்கள். வேர் முழுமையாக இருந்தால் காற்றும் மழையும் சாய்த்திருக்கக்கூடும். மண் அணைத்தால் போதும். பூசணி வண்டுகள் அதிகாலையில் மந்தமாக இருக்கும், அப்போது கையால் பொறுக்கி அழியுங்கள். அறுவடை முடிந்ததும் ஆழ உழுதால் மண்ணிலுள்ள புழுக்களும் கூட்டுப்புழுக்களும் வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். பரங்கி பூத்திருக்கும் இந்நேரத்தில் மருந்து அடித்தால் தேனீக்கள் மடிந்து காய்ப்பே குறையும்.